சோம்பேறி வழியைக் கண்டுபிடி, அப்புறம் எக்ஸ்பான்ஷன் போடு

கேம் வெளியாகிவிட்டது. கொஞ்சம் பேர் வாங்கினார்கள், கொஞ்சம் பெயரும் கிடைத்தது. அடுத்து எக்ஸ்பான்ஷன், அதாவது அதே கேமோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதி, என்று டீம் உட்காருகிறது. உடனே ஒரு பட்டியல் ஓடும்: புது மேப், புது வண்டி, புது வில்லன், முப்பது புது ஆயுதம். பட்டியல் நீண்டால் எக்ஸ்பான்ஷன் பெரிசு என்று ஒரு நினைப்பு. குழம்பில் உப்பு இல்லாதபோது இலையில் அப்பளத்தை அடுக்கி என்ன பிரயோஜனம்?

முதல் கேமைச் செய்தபோது உங்களிடம் இல்லாத ஒன்று இப்போது கையில் இருக்கிறது. ஜனங்கள் அதை நிஜத்தில் எப்படி விளையாடுகிறார்கள் என்பதை இப்போது பார்க்க முடியும். முதல் தடவை எல்லாமே ஊகம். இரண்டாம் பாகம் எடுத்தால் பாதி விஷயத்தில் மறுபடி ஊகத்துக்கே போக வேண்டும். அதே ஆட்டத்தை, அதே ஆட்களுக்காக, கண்ணால் பார்த்ததை வைத்துத் திருத்தும் வசதி எக்ஸ்பான்ஷனில்தான் முழுசாகக் கிடைக்கும்.

நான் தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், ரொம்ப காலம் கேமிங் சென்டர் நடத்தினேன். இப்போது கேம் டெஸ்டிங் வேலை. சென்டர் நடத்துகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: எல்லா ஸ்கிரீனும் பின்பக்கமிருந்து தெரியும். எந்த கேமில் பையன் காசு கொடுத்து நேரத்தை நீட்டிக்கிறான், எந்த கேமில் பத்து நிமிஷம் பாக்கி இருக்கும்போதே எழுந்து டீ குடிக்கப் போகிறான் என்று கல்லாவிலிருந்தே சொல்லிவிடலாம்.

சமீபத்தில் எங்கள் தெருத் தம்பிகள் மூன்று பேர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை வைத்து ஒரு பிசி கேம் செய்தார்கள். படகு எடுக்கணும், டீசல் போடணும், ஐஸ் ஏற்றணும், கடலுக்குப் போய் வலை வீசணும், விடியற்காலை ஏலத்தில் மீனை விற்கணும். நல்ல கேம். எக்ஸ்பான்ஷனுக்கு என்ன பண்ணலாம் என்று கேட்டு வந்தார்கள். அவர்களிடமும் ஒரு பட்டியல் இருந்தது. சுறா வேட்டைதான் முதலில். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் பின்னால் நின்று பாருங்கள்

விளையாடுகிறவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் சுறா என்பார். பேசாமல் பின்னால் நில்லுங்கள். மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும். எந்த இடத்தில் கை மவுஸை விட்டு போனுக்குப் போகிறது? எந்தப் பொருளை வாங்கிவிட்டு ஒருமுறைகூடத் தொடாமல் வைத்திருக்கிறார்? எல்லாவற்றையும்விட முக்கியம்: ஜெயிப்பதற்கு அவர் கண்டுபிடித்த சோம்பேறி வழி எது?

ஒவ்வொரு கேமிலும் ஒரு சோம்பேறி வழி இருக்கும். ஆபத்து இல்லாத, யோசிக்கத் தேவையில்லாத, ஆனால் ஜெயிக்க வைக்கிற வழி. மனிதர்கள் அதைக் கண்டுபிடித்தே தீருவார்கள். கண்டுபிடித்த பிறகு அதையே செய்து, சலித்து, "கேம் போர்" என்று சொல்வார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஜெயிக்கச் சொன்னது கேம்தானே.

காசிமேட்டு கேமில் அந்த வழி என்னவென்று ஒரே மாலையில் தெரிந்துவிட்டது. கரைக்குப் பக்கத்திலேயே ஒரு சுற்று, கிடைத்த சங்கராவையும் நெத்திலியையும் அள்ளிக்கொண்டு திரும்புவது, ஏலத்தில் முதலில் கை தூக்குகிறவருக்கே தள்ளிவிடுவது. ஐஸ் ஏற்றவே தேவையில்லை, மீன் கெடுவதற்குள் கரை வந்துவிடுகிறது. டீசல் கணக்கும் பார்க்க வேண்டாம். வஞ்சிரம் தேடி ஆழத்துக்குப் போனவர் யாருமில்லை. தம்பிகள் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த ஆழ்கடலை முக்கால்வாசிப் பேர் பார்க்கவே இல்லை. அதற்கு அப்பால் இன்னொரு கடல் செய்து சுறா விட்டால் அதையும் பார்க்க மாட்டார்கள்.

வழியை அடைக்காதீர்கள், வேறு வழிக்கு ஆசை காட்டுங்கள்

இந்த விஷயத்தில் நான் எல்லோருக்கும் காட்டும் பாடம் 'எக்ஸ்காம்: எனிமி அன்னோன்'. 2012-இல் வந்தது. முறை வைத்து ஆடும் கேம், வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை. அதன் சோம்பேறி வழி ஊருக்கே தெரியும். நாலு அடி நகர்த்து, எல்லா வீரர்களையும் ஓவர்வாட்ச் என்ற காவல் நிலையில் நிறுத்து, எதிரி தானாக வந்து மாட்டும்வரை காத்திரு. மறுபடி நாலு அடி. ஜெயித்துவிடலாம், ஆனால் கொட்டாவி வரும்.

அடுத்த வருஷம் 'எனிமி வித்தின்' எக்ஸ்பான்ஷன் வந்தது. ஓவர்வாட்சை எடுத்தார்களா, பலவீனமாக்கினார்களா? இரண்டும் இல்லை. மேப்பில் இரண்டு இடத்தில் மெல்டு என்ற பொருள் அடங்கிய குப்பிகளை வைத்தார்கள். குறிப்பிட்ட முறைகளுக்குள் போய் எடுக்காவிட்டால் அது தானே அழிந்துவிடும். அந்த மெல்டு இருந்தால்தான் வீரனை இயந்திர உடம்புக்காரனாக மாற்றலாம், மரபணு மாற்றம் செய்யலாம். எக்ஸ்பான்ஷனில் வந்த அத்தனை ருசியான புதுச் சரக்குக்கும் அதுதான் காசு. இப்போது ஆடுகிறவர் தானே ஓடுகிறார். வேண்டாமென்றால் பழையபடி ஊர்ந்தும் போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் குப்பியில் எண் குறையக் குறைய மனசு அடித்துக்கொள்ளும்.

அதே நிறுவனம் 2016-இல் எக்ஸ்காம் 2 செய்தபோது, நிறைய மிஷன்களில் இத்தனை முறைக்குள் முடிக்காவிட்டால் தோல்வி என்று நேரடியாகக் கெடு வைத்தது. எதிர்ப்பு பலமாக வந்தது, கெடுவை நீக்க ஆட்டக்காரர்களே செய்த மாட்களும் (மாற்றங்கள்) வந்தன. குறிக்கோள் இரண்டிலும் ஒன்றேதான், சீக்கிரம் நகரு என்பது. ஒன்றில் ஆசை காட்டினார்கள், மற்றதில் விரட்டினார்கள்.

தம்பிகளில் ஒருவன், "ண்ணா, கரையோரத்துல மீனைக் குறைச்சிடலாமா?" என்று கேட்டான். குறைத்தால் புதிதாக வாங்கினவன் முதல் நாளே பட்டினி. கரையோரத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆழத்துக்குப் போக ஒரு காரணம் கொடு என்றேன். என்ன காரணம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எரிச்சலைக் குறைப்பதும் புதுமைதான்

இதை யாரும் போஸ்டரில் போட மாட்டார்கள். ஆனால் விளையாடுகிறவர் தினம் தினம் உணர்வது இதைத்தான்.

என் சென்டரில், ராஜ்ஜியம் கட்டிப் போர் செய்யும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஓடாத நாளே கிடையாது. 1999-இல் வந்த அதன் மூல கேமில் வயல் ஒன்று போட்டால் சில நேரம் கழித்து அது தீர்ந்துவிடும். விவசாயி சும்மா நிற்பான். நாம் அங்கே தேடிப் போய், 60 மரம் செலவழித்து, கையால் மறுபடி விதைக்க வேண்டும். முன்னால் சண்டை நடந்துகொண்டிருக்கும், பின்னால் பத்து விவசாயி வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். 2000-இல் வந்த 'தி கான்கரர்ஸ்' எக்ஸ்பான்ஷனில் ஆலையில் முன்கூட்டியே விதைப்பை வரிசையில் போட்டுவைக்கலாம் என்று ஆக்கினார்கள். மரக்கிடங்கு கட்டிய ஆட்கள் கட்டி முடித்ததும் தானாக மரம் வெட்டப் போனார்கள். அஸ்டெக், மாயன், ஹூணர், கொரியர், ஸ்பானியர் என்று ஐந்து புது நாகரிகங்களும் வந்தன. அட்டையில் பெரிசாக இருந்தது அதுதான். ஆனால் பசங்கள் பழைய கேமுக்குத் திரும்ப மறுத்ததற்குக் காரணம் வயல். "அதுல யாருண்ணா வெத போட்டுனு இருப்பான்?"

ஆக, உங்கள் கேமில் ஆடுகிறவர் யோசிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் கிளிக்குகளை எண்ணிப் பாருங்கள். யோசிக்கத் தேவையில்லாத வேலையைக் கேமே செய்யட்டும். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்: அலுப்பான வேலை வேறு, கஷ்டமான முடிவு வேறு. ஏலத்தில் எந்த விலைக்குக் கொடுப்பது என்பது முடிவு. அதைத் தானியங்கி ஆக்கினால் கேமே செத்துவிடும். ஒவ்வொரு கூடையையும் இழுத்துக் கொண்டுபோய் வைப்பது வெறும் வேலை.

எடுத்துப் போடவும் தெரிய வேண்டும்

எக்ஸ்பான்ஷன் என்றாலே சேர்ப்பது என்று நினைக்கிறோம். மிகப் பெரிய முன்னேற்றம் ஒன்று, ஒரு பொருளைத் தூக்கி எறிந்ததில் வந்தது. 2012-இல் வந்த டயாப்ளோ 3-இல் ஏலச் சந்தை ஒன்று இருந்தது. கேமுக்குள் கிடைக்கும் தங்கத்துக்கும் விற்கலாம், நிஜப் பணத்துக்கும் விற்கலாம். டயாப்ளோ என்றாலே அரக்கனை அடித்தால் என்ன விழும் என்ற பரபரப்புதான் ஆட்டம். இங்கேயோ நல்ல கத்தி வேண்டுமென்றால் அரக்கனை அடிப்பதைவிடச் சந்தையில் வாங்குவது சுலபம். அந்தக் கேமின் சோம்பேறி வழியைக் கேம் செய்தவர்களே கடை திறந்து வைத்திருந்தார்கள்.

2014 மார்ச் 18-இல் அந்தச் சந்தையை மூடினார்கள். ஒரு வாரத்தில், மார்ச் 25-இல், 'ரீப்பர் ஆஃப் சோல்ஸ்' வந்தது. அதற்கு முன்பே பொருட்கள் விழும் முறையை ஒரு இலவச பேட்சில் (கேமைத் திருத்தும் அப்டேட்டில்) மாற்றி, உங்கள் ஆளுக்கு உபயோகப்படும் பொருளே அதிகம் விழும்படி செய்துவிட்டார்கள். எக்ஸ்பான்ஷனில் அட்வென்ச்சர் மோட் வந்தது. அதே கதையை மறுபடி மறுபடி ஓட்டாமல், எல்லா ஊருக்கும் இஷ்டப்படி போய்ச் சின்னச் சின்ன வேலைகள் முடிக்கலாம். பழைய ஊர்கள்தான், பழைய அரக்கர்கள்தான். ஆனால் அவற்றுக்குத் திரும்பப் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. பழுது பார்த்ததற்குக் காசு கேட்காதீர்கள். பழுதை இலவச பேட்சில் கொடுங்கள், புது இடத்துக்குக் காசு வாங்குங்கள். சைபர்பங்க் 2077 அப்படித்தான் கரையேறியது. 2020 டிசம்பரில் வந்தபோது பக் என்ற புரோகிராம் பிழைகள் தாங்க முடியாமல் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே சில மாதம் எடுக்கப்பட்ட கேம் அது. 2023 செப்டம்பர் 21-இல் 2.0 அப்டேட்டை இலவசமாக விட்டார்கள்: திறமைகளின் அமைப்பு புதிது, போலீஸ் துரத்தும் விதம் புதிது, சட்டையிலும் தொப்பியிலும் இருந்த பாதுகாப்புப் புள்ளிகள் பெரும்பாலும் உடம்புக்குள் பொருத்தும் கருவிகளுக்குப் போயின. ஐந்து நாள் கழித்து 'ஃபேண்டம் லிபர்ட்டி' எக்ஸ்பான்ஷன். காசு கொடுக்காதவரும் நல்ல கேமுக்குத் திரும்பி வந்து, அப்புறம் ஆசைப்பட்டு வாங்கினார். ஒரு சங்கடம்: 2.0-வும் எக்ஸ்பான்ஷனும் பழைய தலைமுறை கன்சோல்களுக்கு வரவில்லை. பழைய மெஷின் வைத்திருப்பவனை விட்டுவிட்டுப் போகிறோம் என்றால் அதை முதலிலேயே உரக்கச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய மெஷின்தான் அதிகம்.

புதுச் சரக்கை எங்கே வைப்பது

எல்லோரும் கதை முடிந்த பிறகு வைப்பார்கள். செய்வது சுலபம், பழையது எதுவும் உடையாது. ஆனால் கேமைக் கடைசிவரை முடிப்பவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான். எல்டன் ரிங்கின் 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ'க்குள் நுழையவே ரடான், மோக் என்ற இரண்டு பாஸ்களை (பெரிய எதிரிகளை) முடித்திருக்க வேண்டும். மோக் பெரும்பாலானோர் கண்ணில் படாத மூலையில் கிடப்பவன். எல்டன் ரிங்குக்கு அது செல்லும். உங்களுக்கும் எனக்கும் செல்லாது.

அதே எக்ஸ்பான்ஷனில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, அதைக் கற்றுக்கொள்ளலாம். முடித்துவிட்டு வருகிறவர்களில் ஒருவர் 120 லெவல், இன்னொருவர் 250. யாருக்கு ஏற்றபடி கஷ்டத்தை வைப்பது? ஸ்காடுட்ரீ துண்டுகள் என்று ஒன்றைப் புது நிலத்தில் அங்கங்கே வைத்தார்கள். அவற்றைச் சேர்த்தால் அடிக்கும் பலமும் தாங்கும் பலமும் ஏறும், ஆனால் அந்த நிலத்துக்குள் மட்டும். பழைய லெவலைக் காட்டி மிரட்ட முடியாது. ஊரைச் சுற்றித்தான் ஆக வேண்டும். பலமும் கிடைக்கிறது, இடமும் பார்த்தாகிறது.

நடுவில் வைப்பதற்கு எனக்குப் பிடித்தது, நாட்டை வளர்த்து ஆடும் சிவிலைசேஷன் 5-க்கு 2013-இல் வந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்'. எக்ஸ்பான்ஷனுக்கு முந்தைய மூல கேமில் பண்பாட்டால் ஜெயிப்பது என்றால் நாலைந்து நகரத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு கொள்கை மரங்கள் (படிப்படியாகத் திறக்கும் கொள்கைகளின் தொகுப்பு) ஐந்தை நிரப்பி, கடைசியில் உட்டோப்பியா திட்டத்தைக் கட்டுவது. பக்கத்து நாட்டுக்காரன் செத்தானா பிழைத்தானா என்றே தெரிய வேண்டாம். எக்ஸ்பான்ஷனில் உங்கள் பண்பாடு மற்ற நாட்டு ஜனங்களை ஈர்த்தால்தான் வெற்றி என்று மாற்றினார்கள். வணிகப் பாதைகள் ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டன. இன்னொன்று, தொல்லியல். ஆட்டத்தின் பின்பகுதியில் அகழ்வாராய்ச்சி செய்யும் இடங்கள் தெரியவரும். அவை சும்மா தூவப்பட்டவை அல்ல. அதே ஆட்டத்தில் முன்பு சண்டை நடந்த இடம், காட்டுமிராண்டிகள் முகாம் போட்டிருந்த இடம். ரொம்ப நேரத்துக்கு முன்னால் நீங்கள் தோற்ற போரை இப்போது தோண்டி எடுத்து மியூசியத்தில் வைக்கலாம். ஆட்டக்காரர் ஏற்கெனவே செய்ததற்குப் புது மதிப்பு கொடுப்பது இப்படித்தான்.

புது அணி சேர்த்தால் புது ஆட்டமாக இருக்கட்டும்

தமிழ் ஆட்களுக்கு இதைச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் கையிலேயே இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் ரொம்ப நாள் இந்தியர்கள் என்று ஒரே நாகரிகம்தான். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே கட்டு. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' அதை இந்துஸ்தானியர் என்று பெயர் மாற்றி, வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று புது நாகரிகங்களைச் சேர்த்தது. திராவிடருக்கு ராஜேந்திரன் கதை. சுருள்வாள் வீரனுக்குப் பெயர் உருமி. பெயரைப் பார்த்து வாங்கின எங்கள் பேட்டைக்காரர்கள் நிறைய பேர்.

ஆனால் அவர்கள் தொடர்ந்து ஆடியதற்குக் காரணம் வேறு. திராவிடருக்கு நைட் குதிரைப்படையே கிடையாது. ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசம், கப்பலும் காலாட்படையும் பலம். பழைய பழக்கத்தில் குதிரை தேடினால் தோற்பீர்கள். கடலோரம் பிடிக்க வேண்டும். இல்லாத ஒன்றுதான் அந்த அணிக்குக் குணத்தைக் கொடுக்கிறது. புது அணிக்கு எதைக் கொடுப்பது என்று யோசிக்கும்போதே எதைப் பிடுங்குவது என்றும் யோசியுங்கள்.

எத்தனை சேர்ப்பது என்ற கேள்விக்கு விண்வெளிப் போர் கேமான ஸ்டார்கிராஃப்டின் 'ப்ரூட் வார்' எக்ஸ்பான்ஷன் போதும். 1998-இல் ஒவ்வொரு இனத்துக்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய புது வகைகள்தான். டெரன் இனத்துக்குக் காயத்தை ஆற்றும் மெடிக், அதனால் சாதாரணத் துப்பாக்கி வீரன் கடைசிவரை உபயோகப்பட்டான். ஜெர்க் இனத்துக்கு மண்ணுக்குள் பதுங்கி அடிக்கும் லர்க்கர். கூட்டமாகப் பறந்து வந்து அடிக்கிறவற்றைச் சிதறடிக்க கோர்செய்ர், வால்கிரி. ஒவ்வொன்றும் ஒரு ஓட்டையை அடைத்தது. அலங்காரத்துக்கு எதுவுமில்லை.

சரி, காசிமேட்டுக்கு வருவோம்

சுறாவை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் தடைக்காலம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் முதல் கேமில் அது இல்லவே இல்லை.

அதைச் சேர்த்தால் என்ன ஆகிறது பாருங்கள். விசைப்படகு கட்டப்பட்டு நிற்கிறது. எஞ்சின் பழுது, பெயின்ட், வலை சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், வருமானம் கிடையாது. அப்போது ஆட்டக்காரருக்கு ஞாபகம் வருவது, முதல் லெவலில் கொடுத்த சின்ன ஃபைபர் படகு. விசைப்படகு வாங்கினதும் எல்லோரும் அதை மறந்துவிட்டிருந்தார்கள். பாரம்பரியப் படகுகளுக்குத் தடை இல்லை. சந்தையில் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். கரையோரத்துக்குச் சின்னப் படகில் போய்க் கொஞ்சமே பிடித்தாலும் நல்ல காசு. சோம்பேறி வழியாக இருந்த கரையோரம், இந்த இரண்டு மாதத்துக்கு யோசித்து ஆட வேண்டிய இடமாகிவிடுகிறது.

இனி ஆழ்கடலுக்குப் போகும் காரணம். தடைக்காலச் செலவைச் சமாளிக்க முன்கூட்டியே சேமித்தாக வேண்டும். கரையோரச் சங்கராவில் அவ்வளவு சேராது. ஆகவே பிப்ரவரி, மார்ச்சிலேயே மனிதர் தானாக ஐஸ் ஏற்றி, டீசல் கணக்குப் போட்டு, வஞ்சிரம் தேடி ஆழத்துக்குப் போவார். நாங்கள் யாரையும் தள்ளவில்லை, காலண்டர் தள்ளுகிறது. தம்பிகள் முன்பே செய்து வைத்த கடல், முன்பே செய்து வைத்த ஐஸ், முன்பே செய்து வைத்த படகு. புதிதாக வரைய வேண்டியது படகுத்துறைக் காட்சியும் வலை பின்னும் சின்ன ஆட்டமும்தான்.

கடன் கொடுக்கும் ஆளையும் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கடனே இன்னொரு சோம்பேறி வழி ஆகிவிடும்; சேமிக்க வேண்டிய கட்டாயம் போய்விடும். முதலில் கடன் இல்லாமல் டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.

பழைய சேவ் பற்றி ஒரு வார்த்தை

சென்டரில் ஒரு பையன் மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த சேவ், அதாவது ஆட்டம் நிற்கும் இடத்தைச் சேமித்த ஃபைல், ஒரு கேமின் பேட்ச் போட்டதும் திறக்காமல் போனது. அவன் அந்தக் கேமைத் திட்டவில்லை, அழவுமில்லை. எழுந்து போனான், அதை மறுபடி ஆடவே இல்லை. எனவே எக்ஸ்பான்ஷன் முதல் தடவை ஓடும்போது பழைய சேவ் ஃபைலை நகல் எடுத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். மாற்றிய சேவுக்கு வேறு பெயர் கொடுங்கள். ஆட்டத்தின் நடுவில் விதி மாறுகிறது என்றால் மாறும் அன்றே அறிவிக்காமல் முன்பே சொல்லுங்கள்.

காசிமேட்டு கேமில் இதற்காகவே ஒரு ஏற்பாடு. மே மாதத்தில் நிற்கும் பழைய சேவ் ஃபைலைத் திறந்தால் உடனே படகைப் பூட்டினால் ஆள் கொதித்துவிடுவார். அதனால் அந்த வருஷத்துத் தடைக்காலம் அவருக்குக் கிடையாது, அடுத்த ஏப்ரலிலிருந்துதான். காலண்டரில் தேதியைச் சிவப்பில் காட்டலாமா, இல்லை துறைமுகத்தில் யாராவது பேசிக்கொள்வதாக வைக்கலாமா என்று தம்பிகளுக்குள் இன்னும் சண்டை ஓடுகிறது. சிவப்பில் காட்டுங்கடா என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.